பாஸ்புக்

ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கம்மா,
வலி எவ்வளவு இருக்கு?

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, புதன்கிழமை ஓ.பி.
எனக்குப் பின்னால நாப்பது பேர்
சீட்டை விசிறியாக்கி நிக்காங்க.
பத்து எனக்குக் காணாது டாக்டர்,
நான் எண்ணுறதெல்லாம் நூத்துல.

போன தடவை வாயால சொல்லிப் பாத்தேன்.
கணுவெல்லாம் உளையுது,
ராத்திரி பூரா ஒரே உளைச்சல்னேன்.
நீங்க பேனாவை மூடிட்டுக்
குரலைத் தாழ்த்தி
வீட்டுல ஏதும் பிரச்சினையான்னு கேட்டீங்க.
தர்மபுரிப் பக்கம் உளைச்சல் மனசுக்கு மட்டும்தான் போல.
எங்க முக்கூடல்ல அது முழங்காலுக்கும் வரும்,
மழைக்கு முந்தி மணிக்கட்டுக்கு வரும்.
நான் முழிச்ச முழியில
தூங்குறதுக்கு ஒரு மாத்திரை எழுதினீங்க.
நல்லாத்தான் தூங்கினேன்.
விரல் தூங்கலை.

அதுக்கு முந்தியெல்லாம்
பரவாயில்லன்னு சொல்லிட்டு எந்திரிச்சிருக்கேன்.
கல்யாண வீட்டுல பந்தி எப்படின்னு கேட்டா
சொல்லுவோம்லா, அந்தப் பரவாயில்ல.

இன்னைக்கு எக்ஸ்ரே கவருக்குள்ள
பீடிக் கம்பெனி பாஸ்புக்கையும் வச்சுக் கொண்டாந்தேன்.
வலிக்கு நம்பர் கேட்டீங்க, இந்தாங்க:
ஜனவரியில எண்ணூறு, எண்ணூத்தம்பது.
மே மாசம் நானூறு.
நேத்து இருநூத்துப் பத்து,
அதுலயும் முப்பதைக் கழிச்சிட்டாங்க, தலை சரியா மடங்கலைன்னு.
இலை வெட்டுறதுகூட வெட்டிருவேன்.
தூளைப் போட்டு உருட்டி, கடைசியில
நகத்தால தலையை உள்ள தள்ளணுமே,
அந்த இடத்துலதான் கட்டைவிரல்
யார் வீட்டு விரலோன்னு நிக்கி.

டாக்டர் கார்குழலி பக்கம் பக்கமாப் புரட்டினாங்க,
ரத்த ரிப்போர்ட் பாக்குற மாதிரி
மூக்குக்கிட்ட வச்சு.
வெளிய நர்சு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாச்சு.

இந்த நாலு திங்கக்கிழமை மட்டும் ஏன் நூறு, தொண்ணூறு?

வாரத்துக்கு ஒண்ணுன்னு நீங்க தந்த மாத்திரை.
ஞாயித்துக்கிழமை போட்டா மறுநாள்
தூள் வாடையைக் கண்டாலே குமட்டும்.

சரி. மார்ச்ல திங்கக்கிழமை எல்லாம் நல்லாருக்கே?

பாஸ்புக்கு இப்படிக் காட்டிக்கொடுக்கும்னு
நான் நினைக்கலை.
ஃபேன் சுத்துறதைப் பாத்தேன்.
நிறுத்திட்டேன் டாக்டர்.
நூறு பீடிச் சம்பளத்துல பால் பாக்கி தீராது.

ஏசுவாங்கன்னு தோளைச் சுருக்கி உக்காந்திருக்கேன்,
அவங்க விரலை ஏப்ரலுக்கு நகத்தினாங்க.
நிறுத்தின ஆறாவது வாரத்துலேருந்து பாருங்க பேச்சித்தாய்,
எல்லாக் கிழமையும் இறங்குது.
எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது.
தினமும் எண்ணினேன்,
சேத்துப் பாக்கலை.

கூட இன்னொரு மாத்திரை எழுதினேனே, குமட்டல் குறையன்னு?
சத்து மாத்திரைன்னு நினைச்சு
மகளுக்குக் கொடுத்திட்டேன், பரீட்சைக்குப் படிக்கா.

சிரிச்சிட்டாங்க.
நானும் சிரிச்சேன், முட்டைப் பிடிச்சுக்கிட்டே.

காலையில விரல் விட எவ்வளவு நேரம் ஆகுது?
பாபநாசம் பஸ் போற வரைக்கும்.
அது எப்போ?
ஏழே காலு.
நீங்க எந்திரிக்கிறது?
அஞ்சரை.
ஒரு மணி நாப்பத்தஞ்சு நிமிஷம்னு எழுதினாங்க.
என் பஸ்ஸை அவங்க நிமிஷமாக்கினதைத்
தலைகீழா வாசிச்சேன்.

ரத்தம் எடுத்து ஈரலைப் பாத்துட்டு
மறுபடி தொடங்கலாம்.
சனிக்கிழமை ராத்திரி போடுங்க, சாப்பிட்ட பின்னே,
குமட்டினா லீவு நாளோட போகட்டும்.
பலன் தெரிய ரெண்டு மாசமாவது ஆகும்.
அதுவரைக்கும் பால் பாக்கிக்கு
அவங்ககிட்ட மருந்து இல்லை,
இருக்குன்னு சொல்லவும் இல்லை.

பேச்சுவாக்குல அதைச்
சீட்டுல எழுதாம பாஸ்புக்குலயே எழுதிட்டாங்க.
ஐயோன்னு அடிக்கப் போனாங்க,
வேண்டாம், இருக்கட்டும்னேன்.

வியாழக்கிழமை கம்பெனியில
கணக்கப்பிள்ளை அது மேலயே சீல் குத்தினார்.
சாப்பிட்ட பின் மறைஞ்சு போச்சு.
சனி மட்டும் தெரியுது.